பதினேழாம் இலக்கத்தின் விடைகள்

பேனாட் அண்ணையின் நினைவு மலருக்கு என்னிடமும் நாலு வரி கேட்டு வந்தார்கள். நேரமில்லை என்று எரிந்து விழுந்து அனுப்பிவிட்டேன். நேரம் இருந்தது. வெட்கம்தான் எழுத விடவில்லை. மலர் இப்போது வந்துவிட்டது. அவர் நேர்மையானவர், பூசைக்குப் பிந்தாதவர், ஆங்கிலம் தெரியாத சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் விட்ட பெரிய பிழையைப் பற்றியும், அதைத் திருத்த அவர் பட்ட பாட்டைப் பற்றியும் ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. தன் பங்கை அவர் ஒப்புக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

என் பெயர் ஜெயரட்ணம். ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம், ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் சுப்பர் வேலை பார்க்கிறேன். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏழாம் மாடியில் பேனாட் அண்ணையும் ஜோசப்பின் அக்காவும் குடியிருந்தார்கள்.

பேனாட் அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தார். சாட்சி என்ன சொன்னாலும், அழுதபடி சொன்னாலும் குடிவெறியில் சொன்னாலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எடுத்து எழுதுவது அவர் தொழில். "என்ரை பதிவிலை ஒரு நீதவானும் கை வைச்சதில்லை" என்று அடிக்கடி சொல்வார். எண்பத்தேழில் கனடாவுக்கு வந்தபோது அந்தத் தொழிலை இங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். அங்கேயும் வெள்ளைச் சேட்டும் பையில் பேனையுமாகத்தான் போவார். மூடி எண்ணுகிற வேலைக்குப் பேனை என்னத்துக்கு என்று நான் பகிடி பண்ணுவேன். "பேனை இல்லாட்டி எனக்கு உடுப்பில்லாத மாதிரி, தம்பி" என்பார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு அவருக்கு மனசுக்குப் பிடித்த வேலை ஒன்று கிடைத்தது. டொக்டர் பெல்வூட் என்ற வெள்ளைக்கார அம்மா, குற்றம் செய்தவர்களின் மனநிலையை ஆராய்ந்து நீதிமன்றங்களுக்கு அறிக்கை எழுதுபவர். ஆராய்ச்சிக் கட்டுரை அறுபதுக்கு மேல் வெளியிட்டவர். வழக்கில் மாட்டிய தமிழ் ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதைத் தமிழில் கேட்டு, விடையைக் குறித்துக் கொடுக்க ஆள் வேண்டும். பேனாட் அண்ணை கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போனார்.

அந்த ஆய்வில் முப்பத்துநாலு பேர். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். நான் பதினேழாம் இலக்கம்.

என் வழக்கு சொல்லக் கேவலமானது. அப்போது நான் வேறோர் இடத்தில் இருந்தேன். பனி கொட்டிய ஒரு நாள், ஒரு மணித்தியாலம் அள்ளித் துப்புரவாக்கிய இடத்தில் இன்னொருவன் வந்து காரை விட்டான். கேட்டதற்குச் சிரித்தான். கையில் இருந்த பனி அள்ளும் சவளால் அவனுடைய காருக்கும் ஒன்று, தோளுக்கும் ஒன்று போட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வழக்கு முடிவதற்குள் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இந்த ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டபோது, சேர்ந்தால் நல்லபிள்ளைப் பெயர் கிடைக்கும் என்று ஓம் போட்டேன்.

டொக்டர் பெல்வூட் கை தந்து சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மேசையில் நானும் பேனாட் அண்ணையும். அதற்கு முன் அவரைக் கண்டதில்லை. சுவரில் ஒரு தாளில் விதிகள் ஒட்டியிருந்தன. பெயர் கேட்கக்கூடாது, படிவத்துக்கு வெளியே ஒன்றும் கதைக்கக்கூடாது. பேனாட் அண்ணை படிவத்தைத் திறக்கவில்லை. பேனையைக் கீழே வைத்தார்.

"தம்பி எவடம்?"

"வேலணை."

"வேலணையிலை?"

"வங்களாவடிக்குக் கிட்ட."

"அப்ப சங்கக்கடை மனேச்சர் கந்தையற்றை ஆக்களோ?"

"அவற்றை மகன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கொப்பரை, கந்தையரை, எனக்கு வடிவாத் தெரியுமடா தம்பி. கோட்டடித் தேத்தண்ணிக் கடையிலை எத்தினை நாள் ஒண்டா இருந்து கதைச்சிருப்பம். அவர் சுகமோ? வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

"எல்லாரும் சுகம்" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவர் படிவத்தைத் திறந்தார். பத்தொன்பதாம் கேள்வி வந்தது.

"குடும்பத்திலை ஆருக்கேன் மனநோய் இருந்ததோ?"

என் அக்கா இன்பராணி எண்பத்தைந்திலிருந்து ஆரோடும் கதைப்பதில்லை. கடற்படை ஊருக்குள் வந்துபோன அடுத்த நாள் தொடங்கியது. காலையில் அலுமாரியிலிருந்து சீலைகளை எடுத்து மடிப்பாள். மடித்ததை உதறி மறுபடி மடிப்பாள். பொழுது படும்வரை அதுதான். ஆள்கள் வந்தால் அம்மா அவளைப் பின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவா. எனக்குப் பின்னால் ஒரு தங்கச்சி இருந்தாள். அக்காவின் கதை வெளியே போனால் அவளை ஒருத்தனும் கட்டமாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை எங்கள் வீடு வருடக்கணக்காய்ச் செய்தது.

ஊர் பேர் தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் சொல்ல ஓர் ஆளில்லாமல் நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் எதிரே இருந்தவர் அப்பாவோடு தேத்தண்ணி குடித்தவர்.

"இல்லை" என்றேன்.

கெட்ட கனவு கண்டு எழும்புவதுண்டோ? இல்லை. ஆமி முகாமில் யாராவது அடித்தார்களோ? இல்லை. பதினொரு நாள் என்னை வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை அப்பாவின் கூட்டாளிக்கு எப்படிச் சொல்வது? நாற்பத்திரண்டு கேள்விக்கு முப்பத்தெட்டு இல்லை சொன்னேன், அத்தனையும் பொய். பேனாட் அண்ணை ஒவ்வொன்றையும் அழகாகக் குறித்தார். எழும்பும்போது என் முதுகில் தட்டி, "நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்றார்.

வழக்கில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் இந்தக் கட்டடத்தில் சுப்பராகச் சேர்ந்தேன். வந்த முதல் கிழமை ஏழாம் மாடியில் குழாய் திருத்தக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தவர் அவர்தான். இரண்டு பேரும் ஒரு கணம் முழித்தோம். பிறகு அவர் "வாரும் தம்பி, குசினிக் குழாய்தான்" என்றார். கிளினிக்கைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, அதற்குப் பிறகும் கதைக்கவில்லை.

அவர்களுடைய வரவேற்பறையில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சட்டகம் தொங்கியது. படம் இல்லை, அச்சடித்த ஒரு பக்கம். டொக்டர் பெல்வூட்டின் கட்டுரையின் கடைசிப் பக்கம். அடியில் சின்ன எழுத்தில், பேனாட் சூசைப்பிள்ளையின் கவனமான பணிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஜோசப்பின் அக்கா அந்தக் கண்ணாடியை ஒவ்வொரு சனியும் துடைப்பா.

கட்டுரை என்ன சொல்லுகிறது என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார். "எங்கடை பெடியளுக்குச் சண்டை நடந்த இடத்திலையிருந்து வந்தும் மனம் பாதிக்கேல்லையாம். குடும்பங்களிலை மனநோய் அறவே இல்லையாம். முப்பத்துநாலு பேருக்கு முப்பத்துநாலும் இல்லை. டொக்டருக்கே ஆச்சரியம்."

முப்பத்துநாலு யாழ்ப்பாணக் குடும்பங்களில் ஒரு பைத்தியமும் இல்லையாம்! எங்கள் ஒழுங்கையில் மட்டும் எனக்குத் தெரிந்து மூன்று வீடு. அப்படியென்றால் மற்ற முப்பத்துமூன்று பேரும் என்னைப் போலத்தான். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குழாயைப் பூட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையவேண்டும் போல இருக்கிறது.

அந்தக் கட்டுரை அந்த அம்மாவின் மற்ற எல்லாக் கட்டுரைகளையும் விட ஓடியது. தமிழ் ஆண்களைப் பற்றி வேறு எவரும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அகதிகள், போர், சிறை என்று யார் எதை எழுதினாலும் இதை எடுத்துக் காட்டினார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் தலையணை மொத்தத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டுரையை எந்தெந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் எழுத்தில் சுட்டினார்கள் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். ஓர் ஆராய்ச்சியாளரின் மதிப்பே அதில்தான் இருக்கிறதாம். பேனாட் அண்ணை லீவு நாளில் பஸ்ஸும் சப்வேயும் ஏறிப் போய், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வருவார்.

தொண்ணூற்றுநாலில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விரலால் தடவிக் காட்டினார். "அவுஸ்திரேலியாவிலை ஒராள். நோர்வேயிலை ரெண்டு பேர். மொத்தம் இருபத்தாறு. ஊர்காவற்றுறையிலை நான் எழுதின பதிவெல்லாம் ஷெல்லிலை எரிஞ்சு போச்சு, தம்பி. இது எரியாது." அவருடைய கண் கலங்கியிருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பசிக்கிறது, போவோம் என்றேன்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். மோர்னிங்சைட்டிலிருந்து தவமணி என்ற அம்மா, கோயிலில் யாரோ சொல்லிவிட்டு, பேனாட் அண்ணையைத் தேடி வந்தா. கையில் ஒரு கடித உறை. மகன் வாகீசன் மறியலில், சிறைக்குள், இருந்தான். வயது இருபத்துநாலு. டோனட் கடையில் இருந்தபோது பின்னாலிருந்து ஒருவன் விளையாட்டாய்த் தோளில் அடித்திருக்கிறான். வாகீசன் திரும்பிய வேகத்தில் கதிரையால் அடித்துவிட்டான். அடிபட்டவனுக்கு ஒரு கண் போய்விட்டது. வாகீசன் ஊரில் பதினாலு மாதம் முகாமில் இருந்தவன், பின்னாலிருந்து தொட்டால் அவனுக்குத் தன்னறிவு இராது என்று அவனுடைய லோயர் வாதாடினார். அரசாங்கத் தரப்பு நிபுணர் அதற்கு எழுதிய அறிக்கைதான் அந்த உறையில். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது.

"என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. லோயர் இங்கிலீசிலை கடகடவெண்டு சொல்லுறார், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

பேனாட் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். "தமிழ் ஆண்களிடம் இப்படியான மனக்காயம் மிக அரிது என்று ஆய்வு காட்டுகிறது. ஆகவே இவர் சொல்வது தண்டனையைக் குறைப்பதற்காகச் சோடித்த கதையாக இருக்கக்கூடும்." அடுத்த வரிக்குப் போனவர் நின்றுவிட்டார். அந்த ஆய்வு எது என்று அடியில் போட்டிருந்தது. நான் குளியலறை வாசலில் நின்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த சட்டகத்தைப் பார்த்தார்.

"அவன் ராவிலை கத்துறவன் அண்ணை" என்றா தவமணி அன்ரி. "நான் பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறனான். அது கதையோ?"

அவ போன பிறகு பேனாட் அண்ணை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நான் ஊர் கேட்டிருக்கக் கூடாதோ?"

அவரே தொடர்ந்து கதைத்தார். "ஆற்றை பிள்ளை, எவடத்துப் பிள்ளை எண்டு கேளாமல், எடுத்த எடுப்பிலை உன்ரை வீட்டிலை பைத்தியம் இருக்கோ எண்டு ஒருத்தனிட்டைக் கேக்கிறது மனிசத்தனமோ? மரியாதைக்குத்தானே கேட்டனான். முப்பத்துநாலு பேரிட்டையும் கேட்டனான். பதிவிலை ஒரு எழுத்துப் பிழையில்லை, தம்பி. அவையள் சொன்னதைத்தான் எழுதினனான். ஆனா முழுக்கப் பொய்."

டொக்டரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றபோது ஜோசப்பின் அக்கா அழுதுவிட்டா. "இந்த நாட்டிலை உங்களுக்குக் கிடைச்சது உந்த ஒரு பேர்தானே. அதையும் நீங்களே போய் அழிக்கப் போறியளோ?"

"அழிஞ்சால் அழியட்டும். அந்தப் பிள்ளை அநியாயமாய்ப் போகப்போகுது" என்றார்.

அவரைக் காரில் ஏற்றிப் போனது நான்தான். உள்ளே வரச் சொன்னார். பார்க்கிங் இடம் சரியில்லை, ரிக்கற் எழுதுவான் என்று சாட்டுச் சொல்லிக் காரிலேயே இருந்தேன். அந்த அம்மா என் முகத்தை அடையாளம் கண்டுவிடுவா என்று பயம். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். படிவம் தொடங்குமுன் என்ன கதைத்தீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். ஊர் கேட்டேன், தகப்பனைக் கேட்டேன் என்றாராம். அதனால் என்ன என்று அவருக்கு விளங்கக் கனநேரம் எடுத்ததாம். விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். பிறகு, அவர்கள் மறைத்தார்கள் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம்.

"அவையளின்ரை வீடுகள் எனக்குத் தெரியும் எண்டனான். நீர் தெரிஞ்சிருக்கிறது காணாது எண்டா. அந்த முப்பத்துநாலு பேரிலை ஒருத்தன், ஒரேயொருத்தன், நான் மறைச்சனான் எண்டு கையெழுத்து வைச்சால், அண்டைக்கே கோட்டுக்குத் தானே கடிதம் எழுதுறன் எண்டா. லோயரும் உதைத்தான் சொல்லுறார். தீர்ப்புக்கு முதல் ஒரு கையெழுத்து." ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினேன்.

பெயர்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் ஆருடைய பேரன், எந்தக் கோயிலடி என்று முப்பத்துநாலு பேரும் நினைவில் இருந்தார்கள். விசாரித்து, என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேரைக் கண்டுபிடித்தார். இரண்டு மாதம், வேலை முடிந்து, ஒரு ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரிந்தார். ஒருவன் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறோம் என்றான். ஒருவன் ஒன்றும் ஞாபகமில்லை என்றான். ஒருவன் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்து, பேஸ்போல் கதைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினான். ஒருவன் கதவே திறக்கவில்லை. நான் வரவேற்புக் கூடத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அவர் நனைந்த சப்பாத்தோடு உள்ளே வருவார். "இண்டைக்கும் இல்லை, தம்பி" என்பார். நான் "மெல்ல நடவுங்கோ அண்ணை, நிலம் வழுக்கும்" என்பேன்.

அந்த நாள்களில் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அந்த வருடம்தான் கனடாவுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் யூனியன்வில்லில் சொந்த வீட்டுக்காரர், நல்ல இடம். அக்காவுக்கு என்ன என்று கேட்டார்கள். அவ கலியாணம் வேண்டாம் என்று கோயில், விரதம் என்று இருக்கிறா என்று சொல்லிவைத்திருந்தோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்களே, நாங்கள் ஒன்றைத்தான் சொன்னோம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. திங்கள் காலையோடு லோயர் கேட்ட தவணை முடிகிறது. கதவு தட்டியது. பேனாட் அண்ணை. வெள்ளைச் சேட்டு, பையில் பேனை, கக்கத்தில் ஃபைல். வந்ததன் காரணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளே வாங்கோ என்று நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் வீட்டை, பின் அறையை, சாத்திய கதவை எல்லாம் அவர் முந்தியே அறிந்திருக்கவேண்டும். பக்கத்து ஊர்காவற்றுறையில் பத்தொன்பது வருடம் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"தம்பி, தங்கச்சியின்ரை விசயம் முற்றாயிட்டுதோ?"

"நாளைக்கு வருகினம் அண்ணை. பொம்பிளை பாக்க."

"நல்லது" என்றார். "நல்லது, நல்லது. கடவுள் துணை." ஃபைலை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். நான் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, அவர் கேட்கவில்லைத்தானே, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொன்னேன். அது பச்சைப் பொய். கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

கையெழுத்து இல்லாமல் தவணை போனது. நிபுணரின் அறிக்கையை நீதவான் ஏற்றுக்கொண்டார். வாகீசனுக்கு மூன்று வருடம் மறியல், முடிந்ததும் நாடு கடத்தல். நன்னடத்தைக் கழிவு போக, தொண்ணூற்றெட்டுப் பங்குனியில் கொழும்புக்கு ஏற்றினார்கள். விமான நிலையத்தில் வைத்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு தாய்க்கு ஒன்றும் வரவில்லை.

டொக்டர் பெல்வூட்டைக் குறை சொல்லமாட்டேன். தொண்ணூற்றாறில் அதே சஞ்சிகையில் அரைப் பக்கத் திருத்தம் ஒன்று போட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் விதியை மீறியதால் விடைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம், எவ்வளவு என்று சொல்லமுடியாது என்று அதில் இருந்தது. பேனாட் அண்ணையின் பெயர் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டகத்தைக் கழற்றி, நன்றி சொன்ன பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த அரைப் பக்கத்தைப் போட்டு அதே ஆணியில் தொங்கவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், "உதிலை சொல்லுற ஆள் நான்தான்" என்று காட்டுவார். ஜோசப்பின் அக்கா வெட்கத்தில் குசினிக்குள் போய்விடுவா. கண்ணாடி துடைப்பதையும் விட்டுவிட்டா. பிறகு அவர்தான் துடைத்தார்.

நூலகத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. இப்போது தேடியது திருத்தத்தை. அதை ஒரேயோர் ஆராய்ச்சியாளராவது சுட்டினால், பிழையான கட்டுரையை நம்புவது குறையும் என்று நினைத்தார். போய்வந்தால் எனக்கு வந்து சொல்லுவார். "கட்டுரை முப்பத்தொன்பது. திருத்தம் ஒண்டுமில்லை." அடுத்த வருடம், "கட்டுரை ஐம்பத்திரண்டு. திருத்தம் ஒண்டுமில்லை." என்னை ஒருநாளும் குற்றமாகப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

இந்த வருடம், தொண்ணூற்றொன்பது தை மாதம், டொரன்டோவில் ஆமி வந்து பனி அள்ளிய கிழமை, நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் முடிந்துவிட்டார். அறுபது நிறையவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த இடத்தில் தங்கச்சியின் மாமியார் என் பக்கத்தில் இருந்தா. எங்கள் அக்காவின் கதை அவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, தங்கச்சியே சொல்லிவிட்டாள். அந்தச் சட்டகத்தை நிமிர்ந்து பார்த்து, என்ன இது என்று கேட்டா. நான் சுருக்கமாகச் சொன்னேன். மாமியார் மெல்லச் சிரித்தா. "எங்கடை மூத்த மகனும் இருவது வருசமா அங்கொடையிலைதானே. நாங்களும் லண்டனிலை இருக்கிறார் எண்டெல்லோ உங்களுக்குச் சொன்னனாங்கள்." அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி. நான் எழும்பி வெளியே போய்ப் பனியில் நின்றேன்.

மலர் வந்த மறுநாள் ஜோசப்பின் அக்கா என்னைக் கூப்பிட்டு அந்த ஃபைலைத் தந்தா. "உமக்குத்தான் உது விளங்கும்" என்றா. உள்ளே பதினெட்டுத் தாள், ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்று, அவரே ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தது. பதினேழு தாள்கள் கை பட்டுக் கசங்கியிருந்தன. ஒன்று மட்டும் புதுத் தாளாக இருந்தது. நான் பதினேழாம் இலக்கக்காரன், மொழிபெயர்ப்பாளர் என் ஊரையும் தகப்பனையும் அறிந்தவர் என்பதால் பத்தொன்பதாம் கேள்விக்கும் வேறு கேள்விகளுக்கும் உண்மை சொல்லவில்லை என்று இரண்டு வரி. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. திகதி அந்தச் சனிக்கிழமை.

அவருடைய பேனையை அக்காவிடம் கேட்டு வாங்கி, அங்கேயே கையெழுத்து வைத்தேன். ஒரு பிரதியை டொக்டர் பெல்வூட்டுக்குத் தபாலில் போட்டேன். மூலத்தை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன். தவமணி அன்ரி கதவைத் திறந்து, யார் என்று தெரியாமல் பார்த்தா. பேனாட் அண்ணையின் கட்டடத்து சுப்பர் என்றேன். இருக்கச் சொன்னா. தாளை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தா.

"எனக்கு இங்கிலீசு தெரியாது தம்பி. நீரே வாசியும்."

தமிழில் சொன்னேன். அக்காவையும் சொன்னேன், முகாமில் பதினொரு நாளையும் சொன்னேன், கதவைச் சாத்தியதையும் சொன்னேன். மேசையில் வாகீசனின் படம் இருந்தது. மீசை சரியாக அரும்பாத முகம். முடித்த பிறகு அன்ரி கேட்டா.

"இதை அப்பவே தந்திருந்தால் அவன் இஞ்சை நிண்டிருப்பானோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். லோயரும் அப்படித்தான் சொல்லுவார், டொக்டரும் அப்படித்தான் சொல்லுவார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எழும்பி வந்திருந்தால், அது, படிவத்து முப்பத்தெட்டு இல்லைகளுக்குப் பிறகு, என்னுடைய முப்பத்தொன்பதாவது பொய்யாக இருந்திருக்கும்.

"ஓம் அன்ரி" என்றேன்.